காற்று மெத்தையில் நான் செய்த தப்பு

தென்னை மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் 6 வருஷம் ஆகிறது. குளித்ததும் கைக்கண்ணாடியில் பின்புறம் பார்ப்பது வழக்கம். ஒரு நாள் இடது உட்காரும் எலும்பின் மேல் எட்டணா அளவுக்குச் சிவப்பு. மனைவி விரலால் அழுத்தினாள், வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் ஆரம்பம்!

முதலில் சக்கர நாற்காலியைத்தான் திட்டினேன். ஆனால் கோளாறு அதன்மேல் போட்டு உட்காரும் காற்று மெத்தையில். காற்று அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று பந்து மாதிரி அடித்து வைத்திருந்தேன். கல்லில் உட்கார்ந்ததுபோல!

குப்புறவும் ஒருக்களித்தும் படுத்தே 5 நாள் ஓட்டினேன். சிவப்பு மறைந்தது. அப்புறம் மெத்தையில் உட்கார்ந்தேன். மனைவி அடியில் கையை விட்டு எலும்பைத் தொட்டுக்கொண்டிருக்க, வால்வைத் திறந்து மெல்லக் காற்றை இறக்கினேன். எலும்புக்கும் மெத்தையின் அடிக்கும் நடுவே அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் இருக்க வேண்டும். அந்த அளவு வந்ததும் மூடினோம். இப்போது வாரம் ஒருமுறை இந்தச் சோதனை.

கூடவே அரை மணிக்கு ஒருமுறை போனில் அலாரம். அடித்ததும், எலும்பின் மேல் அழுத்தம் குறைய, மேஜைமேல் முன்னால் சாய்ந்து 2 நிமிஷம். கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும் அது பெரிய தொல்லை.