பவர் மீட்டரோடு வெளியே இன்டர்வல்: டர்பன் ரோட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிதிக்கும் திறனை வாட் கணக்கில் காட்டும் பவர் மீட்டரைச் சைக்கிளில் வாங்கிப் பொருத்திய அடுத்த வாரமே பலரும் செய்யும் காரியம் ஒன்று உண்டு. வீட்டில் ட்ரெய்னரில் (சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிக்கும் மெஷினில்) ஓட்டிய அதே இன்டர்வல் திட்டத்தை, அதாவது சில நிமிடம் கடினமாக மிதித்து, ஓய்வெடுத்து, மறுபடி மிதிக்கும் பயிற்சியை, அப்படியே ரோட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ட்ரெய்னரில் 250 வாட் என்று வைத்தால் 250 வாட்தான். மெஷினே பிடித்து வைத்துக்கொள்ளும். எம்4 நெடுஞ்சாலையில் அப்படி யார் பிடித்துத் தருவார்கள்? காற்று, மேடு, ரோபோட்டில் (டிராஃபிக் சிக்னலில்) விழும் சிவப்பு, பின்னால் ஹாரன் அடிக்கும் மினிபஸ் டாக்ஸி எல்லாம் சேர்ந்து அந்த எண்ணை ஆட்டிக்கொண்டே இருக்கும். அது ஆடக்கூடாது என்று மல்லுக்கு நிற்பதில்தான் முக்கால்வாசித் தவறுகள் பிறக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஓட்டுகிற நம்மவர்களுக்காக, அக்டோபரில் வரும் அமஷோவா சைக்கிள் ஓட்டத்தை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ரோடு. திட்டத்தில் ‘8 நிமிடம், 4 முறை’ என்று இருக்கும். எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று கேட்டால், வழக்கமாகப் போகிற வழியில்தான் என்பார்கள். 8 நிமிடத்துக்கு எவ்வளவு ரோடு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சமதளத்தில் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகம் என்றால் ஏறக்குறைய 4.7 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் ரோபோட்டோ ரவுண்டானாவோ இறக்கமோ இல்லாத ரோடு உங்கள் வீட்டுப் பக்கம் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. அதே 8 நிமிடம் ஏற்றத்தில், மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில், 2.1 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். போக்குவரத்தும் குறுக்கிடாது, பெடலும் சும்மா சுற்றாது.

அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள். காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடுகிறவர்கள் பெயரைச் சொன்னாலே பெருமூச்சு விடும் ஐந்து மேடுகள், அதாவது கௌவீஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இன்சாங்கா, பாலி ஷார்ட்ஸ், எல்லாமே டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவில்தான் இருக்கின்றன. இன்சாங்காவும் போத்தாஸ் ஹில்லும் தலா இரண்டரை கிலோமீட்டர் சுமாருக்கு வரும். 5 நிமிட, 8 நிமிட இன்டர்வலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஃபீல்ட்ஸ் ஹில் 3 கிலோமீட்டருக்கு நீளும், ஆனால் அங்கே வண்டி நெரிசல் அதிகம். இன்டர்வலுக்கு அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஏற்றம் என்றதும் மிகச் செங்குத்தானதைத் தேடிப் போவது இன்னொரு தவறு. 9, 10 சதவீத ஏற்றத்தில் கியர் தீர்ந்துபோய், பெடல் சுற்று நிமிடத்துக்கு 55க்கு இறங்கிவிடும். வாட் கணக்கு சரியாக வரும்; ஆனால் மூச்சுக்குப் பதில் தொடைதான் முதலில் கைவிடும். 3 முதல் 6 சதவீதம் போதும்.

20 நிமிட இன்டர்வலுக்கு இந்த மேடுகள் போதாது. நடுவில் உச்சி வந்துவிடும், திரும்பி இறங்க வேண்டும். அதற்கு விடியற்காலை எம்4-இல் உம்ட்லோட்டி, பலீட்டோ பக்கம் போவதுதான் நடைமுறை. அந்த ரோடு தட்டை இல்லை, அலை அலையாக ஏறி இறங்கும். இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். இறக்கத்தில் 20 விநாடி வாட் குறைந்துவிட்டதே என்று அடுத்த மேட்டில் 330, 350 என்று மிதித்துச் சராசரியைச் சரிக்கட்டப் பார்ப்பார்கள். கணக்கு சரியாகிவிடும், கால் அதை அப்படி எடுத்துக்கொள்ளாது. த்ரெஷோல்டுக்கு (ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வாட்டுக்கு) மேலே போகும் ஒவ்வொரு எகிறலும் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகத் தின்றுவிடும். இலக்கு 230 என்றால் மேட்டில் 245 வரை போகட்டும், இறக்கத்தில் 200க்கு வரட்டும். முடிவில் சராசரி 222 என்று வந்தால் அது நல்ல இன்டர்வல்தான்.

காற்றையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வரும். எம்4-உம் கரையை ஒட்டி அதே திசையில்தான் போகிறது. அதனால் ஒன்று நேர் எதிர்க்காற்று, இல்லையென்றால் முழுப் பின்காற்று. வேகத்தைப் பார்த்து ஓட்டுகிறவருக்கு இது தலைவேதனை. பவர் மீட்டர் இருக்கிறவருக்கு இல்லை, ஏனென்றால் எதிர்க்காற்றில் மணிக்கு 27 கிலோமீட்டரில் போனாலும் 240 வாட் 240 வாட்தான். அப்படியிருந்தும் வாட்டை விட்டுவிட்டு வேகத்தைப் பார்த்து மனம் உடைகிறவர்கள் இருக்கிறார்கள். எதிர்க்காற்று உண்மையில் வசதி: பெடலில் எப்போதும் எதிர்ப்பு இருக்கும், வாட் ஆடாமல் நிற்கும். வடகிழக்குக் காற்று என்றால் நகரத்திலிருந்து வெளியே போகும்போது இன்டர்வல், திரும்பும்போது பின்காற்றில் ஓய்வு. தென்மேற்குக் காற்று என்றால் தலைகீழ். இதற்கும் ஒரு அளவு உண்டு. 2017 மார்ச்சில் கேப் டவுன் சைக்கிள் டூரையே காற்று ரத்து செய்ய வைத்தது. அந்த மாதிரி நாளில் ட்ரெய்னரில் உட்காருவதுதான் புத்திசாலித்தனம்.

முதல் நிமிடத்திலேயே கொட்டிவிடுவது

இதுதான் எனக்குத் தெரிந்து மிகப் பரவலான தவறு. ஒரு கணக்கோடு பார்த்தால் புரியும். ஒருவருடைய எஃப்.டி.பி, அதாவது அந்த த்ரெஷோல்டு வாட், 240 என்று வைத்துக்கொள்வோம். 4 நிமிட இன்டர்வலை 110 முதல் 115 சதவீதத்தில், அதாவது 264 முதல் 276 வாட்டுக்குள் ஓட்ட வேண்டும். சைக்கிள் கம்ப்யூட்டரில் இன்டர்வலைத் தொடங்கி வைக்கும் லேப் பட்டனை அழுத்தியதும் எழுந்து நின்று மிதிக்கிறார். முதல் நிமிடம் 340, இரண்டாவது 280, மூன்றாவது 245, கடைசி நிமிடம் 225. சராசரி 272. வீட்டுக்கு வந்து பார்த்தால் இலக்குக்குள் கச்சிதமாக விழுந்திருக்கும், தட்டிக்கொடுக்கத் தோன்றும். உண்மையில் நடந்தது ஒரு நிமிட ஸ்பிரிண்ட், அப்புறம் மூன்று நிமிடத் தவிப்பு. ஐந்து முறை ஓட்ட வேண்டியவர் மூன்றாவதிலேயே 240ஐத் தொட முடியாமல் நிற்பார்.

காரணம் எளிது. முதல் அரை நிமிடத்தில் எந்த வாட்டும் லேசாகத்தான் தெரியும். மூச்சும் இதயத்துடிப்பும் உழைப்புக்குப் பின்னால் மெதுவாக ஏறி வருபவை; துடிப்பு தன் நிலைக்கு வர ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். பவர் மீட்டருக்கு இத்தனை விலை கொடுத்ததே அந்த முதல் நிமிடத்தில் கையைப் பிடித்து நிறுத்தத்தான். முதல் இன்டர்வலை இலக்கின் கீழ்முனையில், 264இல், தொடங்குங்கள். மிச்சம் இருந்தால் கடைசி முறை 276க்குப் போகலாம்.

கம்ப்யூட்டரில் எந்த எண்ணைப் பார்க்கிறீர்கள் என்பதும் இதில் சேர்த்தி. அந்தந்த விநாடியின் வாட்டைத் திரையில் வைத்தால் 210, 290, 245 என்று குதித்துக்கொண்டே இருக்கும், அதைத் துரத்தினால் பெடலும் குதிக்கும். 10 விநாடிச் சராசரி ஒன்று, லேப் சராசரி ஒன்று, லேப் நேரம் ஒன்று. வேறு எதுவும் தேவையில்லை. வாட்டின் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் சேர்க்கும் நார்மலைஸ்டு பவரை இன்டர்வல் திரையில் வைக்கவே வேண்டாம். அது 30 விநாடி நகர்சராசரியை வைத்துக் கணக்கிடுவது, நீண்ட ஓட்டத்துக்குப் பொருந்தும். 4 நிமிடத்துக்கு அது சொல்வதில் அர்த்தம் குறைவு.

மீட்டர் தப்பாகச் சொன்னால்

நல்ல மீட்டர்கள் 1, 2 சதவீதத்துக்குள் துல்லியம் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அது நாம் நம் பங்கைச் செய்தால்தான். ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் மீட்டரை ஜீரோ செய்ய வேண்டும், அதாவது சுமை இல்லாதபோது பூஜ்யம் காட்டும்படி சரிசெய்ய வேண்டும். அதுவும் ஏசி அறையிலிருந்து சைக்கிளை இழுத்து வந்த கையோடு செய்யாமல், வெளியே பத்துப் பதினைந்து நிமிடம் வெளிச் சூட்டுக்குப் பழக விட்டு, காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு. உள்ளே இருப்பது வளைவை அளக்கும் மெல்லிய ஸ்ட்ரெய்ன் கேஜ். சூடு மாறினால் அதுவும் மாறும். குளிர்காலத்தில் ஹில்க்ரெஸ்டில் நடுங்கிக்கொண்டே கிளம்பிக் கடற்கரைக்கு இறங்கி வருகிறவர்கள், கீழே வந்ததும் இன்னொரு முறை ஜீரோ செய்துகொள்வது நல்லது.

பெடல் வகை மீட்டரில் க்ராங்கின் (பெடல் மாட்டும் தண்டின்) நீளத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும். 172.5 மில்லிமீட்டர் க்ராங்குக்கு 170 என்று விட்டுவிட்டால் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் குறைத்துக் காட்டும். இடது க்ராங்கில் மட்டும் பொருத்துகிற மீட்டர்களில் வேறு சங்கதி: இடது காலை அளந்து அதை இரண்டால் பெருக்குகிறது, அவ்வளவுதான். உங்கள் இடது கால் 48, வலது கால் 52 சதவீதம் உழைத்தால், உண்மையில் 250 வாட் போகும்போது அது 240 என்று சொல்லும். அதனால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை, எப்போதும் அதே மீட்டரில் அளக்கிற வரை. ட்ரெய்னரின் எண்ணில் எஃப்.டி.பி எடுத்துவிட்டு அதே இலக்கை இடது க்ராங்கின் எண்ணில் ஓட்டுவதுதான் கூடாது. 20 நிமிடம் முழுமூச்சாக ஓட்டி, சராசரியில் 95 சதவீதத்தை எடுக்கும் வழக்கமான டெஸ்டை வெளியே, அந்த சைக்கிளிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கு ஏற்றத்தில் சமதளத்தைவிடக் கூடுதல் வாட் வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எண் சரியாக இருந்தும் உடம்பு மாறிவிடும் நாட்கள் உண்டு. டிசம்பர் முதல் மார்ச் வரை டர்பன் புழுக்கத்தில் வியர்வை உலர்வதே இல்லை. உடம்பு குளிர வழியில்லாமல், அதே வாட்டுக்கு இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். அப்படியும் முடியாவிட்டால் இலக்கை 5 சதவீதம் குறையுங்கள். ஆகஸ்டில் எடுத்த எஃப்.டி.பியைப் பிப்ரவரியில் கட்டிக்கொண்டு அழுவதில் பயன் இல்லை.

உயரமும் அப்படித்தான். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலை விஷயமாக அங்கே போய் நண்பர்களோடு ஓட்டும் டர்பன்காரருக்கு, காற்றில் பிராணவாயு அழுத்தம் குறைவதால், த்ரெஷோல்டு வாட் 5 முதல் 10 சதவீதம் வரை குறையலாம். போன முதல் வாரமே டர்பன் எண்ணை வைத்து இன்டர்வல் ஓட்டினால் பாதியில் உட்கார வேண்டியதுதான்.

திரையையே பார்த்துக்கொண்டு ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கடைசி ஒரு நிமிடத்தில் தலை தானாகக் குனியும். அந்த நேரத்தில்தான் குழியும், ஓரமாக நின்ற டாக்ஸியும் வரும். இலக்கைத் தாண்டினால் சத்தம் வருகிற மாதிரி அலர்ட் வைத்துவிட்டு நிமிர்ந்து ஓட்டுங்கள். தனியாகப் போகாதீர்கள். கூட இரண்டு பேர் இருந்தால் சைக்கிள் பறிபோகும் பயமும் குறையும். ஆளுக்கு ஆள் வாட் வேறுதான், ஆனால் ஏற்றத்தின் அடியில் சேர்ந்து தொடங்கி, அவரவர் வேகத்தில் ஏறி, உச்சியில் காத்திருக்கலாம். சக்கரத்தை ஒட்டி ஒட்டி இன்டர்வல் ஓட்டுவது மட்டும் வேண்டாம். முன்னால் இருப்பவரின் வேகம்தான் அப்போது உங்கள் வாட்டை முடிவு செய்யும்.

புரட்டாசியும் அமஷோவாவும்

வாரத்துக்கு இரண்டு கடினமான நாட்கள் போதும், நடுவில் 48 மணி நேர இடைவெளியோடு. மூன்றாவதைச் சேர்க்கிறவர்கள் மூன்றையும் அரைகுறையாகத்தான் ஓட்டுகிறார்கள்.

நம் வீடுகளில் இதில் ஒரு சிக்கல் உண்டு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை 106 கிலோமீட்டர் அமஷோவா அக்டோபரில் வருகிறது. அதற்கு முந்தைய முக்கியமான வாரங்கள் புரட்டாசி மாதம். சனிக்கிழமை பூஜை முடிந்து இலை போடும்வரை சாப்பிடாதவர்கள் நம்மில் நிறைய. சனிக்கிழமை காலைதான் எல்லோரும் இன்டர்வல் ஓட்டும் நாளும். வெறும் வயிற்றில் மெதுவாக ஒன்றரை மணி நேரம் ஓட்டுவது வேறு. வெறும் வயிற்றில் 115 சதவீதம் ஓட்டுவது வேறு. கடின இன்டர்வலுக்கு மாவுச்சத்துதான் எரிபொருள். அது இல்லாமல் நான்காவது முறையில் வாட் சரிந்தால், எஃப்.டி.பி இறங்கிவிட்டது என்று பயந்துபோய் திட்டத்தையே மாற்றிவிடுகிறார்கள்.

விரதத்தை விட வேண்டாம், நாளை மாற்றினால் போதும். கடின நாட்களை வியாழனுக்கும் ஞாயிற்றுக்கும் கொண்டுபோங்கள். சனிக்கிழமை சைக்கிளைத் தொடவே வேண்டாம், இல்லை கடற்கரையில் சும்மா ஒரு மணி நேரம். அன்று மதியம் இலையில் சோறும் பருப்பும் பாயசமும் நன்றாகவே இறங்கும், ஞாயிற்றுக்கிழமை காலுக்கு அது போதும். ஓட்டத்தின் போது மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. மீதியைப் பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீராகக் கரைத்துக்கொள்ளலாம். மாதம் முழுக்க சைவம் என்பதால் தசைக்குக் குறை வருமோ என்று கவலைப்படுகிறவர்கள் பருப்பும் தயிரும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளட்டும். கடைசி முழு இன்டர்வல் நாள் ஓட்டத்துக்குப் பத்து நாள் முன்பு. அதற்கு அப்புறம் எண்ணிக்கையைப் பாதியாக்கி, அதே வாட்டில், வாரத்துக்கு ஒரு முறை மட்டும்.