கால் இஞ்ச் வேறு, 6 மி.மீ. வேறு: ரவுட்டர் பிட்டுக்குச் சரியான காலெட் பார்ப்பது எப்படி

ப்ளைவுட் கடையில் போய் 6 மி.மீ. ஷீட் கேட்டால் 'கால் இஞ்ச்தானே' என்று எடுத்துத் தருவார்கள். 12 மி.மீ. அரை இஞ்ச், 18 மி.மீ. முக்கால் இஞ்ச். ஆசாரிமார் கணக்கில் ரெண்டு நூல், நாலு நூல், ஆறு நூல். அலமாரிக்குப் பின்பலகை அடிக்க இந்தக் கணக்கு தாராளமாகப் போதும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதே பேச்சு அப்படியே, மரத்தில் பள்ளமும் ஓரமும் வெட்டும் ரவுட்டர் மெஷினுக்கு பிட் (வெட்டும் அலகு) வாங்கும் இடத்துக்கும் வந்துவிடுகிறது, அங்கேதான் ஆபத்து. நிமிஷத்துக்கு 30,000 சுற்று வரை சுற்றும் மெஷினில், கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கூரான கார்பைடு துண்டைப் பிடித்துக்கொண்டிருப்பது காலெட் என்ற அந்தச் சின்ன கவ்விக் குழாய் ஒன்றுதான்.

முதலில் அளவுகள். கால் இஞ்ச் என்றால் 6.35 மி.மீ. அரை இஞ்ச் என்றால் 12.7 மி.மீ. இவை இஞ்ச் கணக்கில் வரும் ஷாங்க், அதாவது பிட்டின் தண்டு. மில்லிமீட்டர் கணக்கில் 6, 8, 12 என்று வரும். நம் ஊர்ச் சந்தையில் இரண்டு வகையும் ஒரே ரேக்கில் கலந்து கிடக்கும். டிரிம்மர் (ஒரு கையில் பிடிக்கும் சின்ன ரவுட்டர்) வாங்கினால் ஒன்றில் 6 மி.மீ. காலெட் இருக்கும், இன்னொன்றில் 6.35 இருக்கும், சிலவற்றில் இரண்டையும் போட்டுக் கொடுப்பார்கள். அதனால் மெஷின் கையேட்டைப் பார்த்தோ, காலெட்டின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தோ உங்களிடம் இருப்பது எது என்று இன்றைக்கே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தேக்குப் பலகையில் பின்பலகை உட்கார ஒரு காடி (நீளப் பள்ளம்) எடுத்துக்கொண்டிருந்தேன், ஆழம் 6 மி.மீ. வைத்திருந்தேன். கால் இஞ்ச் காலெட், கடையில் கால் இஞ்ச் என்று சொல்லிக் கொடுத்த பிட், நட்டும் நன்றாக இறுகியது போலத்தான் இருந்தது. பாதி தூரம் போனதும் சத்தம் மாறியது, கை கொஞ்சம் கனத்தது, பிட் மழுங்கியிருக்கும் என்று நினைத்து அழுத்திக்கொண்டே போய்விட்டேன். முடித்துவிட்டு ஸ்கேலை விட்டுப் பார்த்தால் தொடங்கிய முனையில் 6, முடிந்த முனையில் 9. பிட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தபோது தண்டைச் சுற்றி மோதிரம் போட்டது போல ஒரு பளபளப்பான வளையம், அதன் ஓரத்தில் பழுப்பேறிய தடம். அளந்தால் தண்டு 6.00. இன்னும் அரை அடி வெட்டியிருந்தால் அந்த பிட் வெளியே பறந்திருக்கும். பலகையும் போச்சு, காலெட்டும் போச்சு, ஏனென்றால் உள்பக்கம் கீறல் விழுந்து, அதற்கப்புறம் சரியான பிட்டைப் போட்டாலும் நழுவ ஆரம்பித்துவிட்டது.

0.35 மி.மீ. என்பது நாலைந்து தாள் கனம்தானே, அதற்கா இத்தனை பாடு என்று தோன்றும். காலெட் வேலை செய்யும் விதம் புரிந்தால் காரணம் தெரிந்துவிடும். அது வெளிப்பக்கம் சரிவாகக் கடைந்த ஒரு குழாய், பக்கவாட்டில் பிளவுகள் விட்டிருப்பார்கள். நட்டைத் திருகும்போது அந்தச் சரிவு மெஷினின் குழிக்குள் இறங்கும், பிளவுகள் ஒரு மயிரிழை நெருங்கும், உள்சுவர் முழுவதும் தண்டின்மேல் ஒட்டிப் பிடிக்கும். அந்த முழு நீளப் பிடிதான் முக்கியம். 6.35 துளையை 6 ஆகச் சுருக்க வேண்டுமென்றால் சுற்றளவில் 1.1 மி.மீ. குறைய வேண்டும், அவ்வளவையும் அந்தப் பிளவுகள்தான் தாங்க வேண்டும். அப்படிச் சுருங்கினாலும் துளையின் வளைவும் தண்டின் வளைவும் பொருந்தாது. முழு நீளத்தில் பிடிக்க வேண்டியது ஓரத்தில் மட்டும் கவ்விக்கொண்டு நிற்கும். 12.7 காலெட்டில் 12 மி.மீ. பிட் போட்டால் இடைவெளி 0.7, இன்னும் மோசம். மாறாக 6.35 தண்டு 6 காலெட்டுக்குள் போகவே போகாது, அந்த வகையில் நல்லது. ஆனால் தண்டை அரம் போட்டு ராவியோ, காலெட்டை டிரில் விட்டுப் பெரிதாக்கியோ நுழைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

சிஎன்சி மெஷினில், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் வெட்டு மெஷினில், வேலை செய்கிறவர்கள் 'ஒரு காலெட் கொஞ்சம் முன்னே பின்னே பிடிக்கும்' என்பார்கள். அவர்கள் சொல்வது இஆர் என்ற வேறு வகைக் காலெட். அதற்கு இரண்டு முனையிலும் சரிவு உண்டு, பிளவுகளும் இரண்டு பக்கமிருந்தும் மாறி மாறி வரும், அதனால் இஆர்11 என்ற சின்ன அளவுகூட அரை மி.மீ. வரை சுருங்கியும் ஒழுங்காகப் பிடிக்கும். கையில் பிடிக்கும் ரவுட்டரோடு வரும் காலெட் பொதுவாக அந்த ஜாதி இல்லை, ஒரு காலெட் ஒரே அளவுக்குத்தான்.

அளப்பதற்கு வெர்னியர் காலிப்பர் இருந்தால் வேலை ஒரு நொடி. பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், '6 x 20' என்று இருந்தால் அது பெரும்பாலும் வெட்டும் அகலமும் நீளமும்தான், தண்டு அளவு இல்லை. காலிப்பர் இல்லையா, ஒரு இரும்புப் பட்டையில் 6 மி.மீ. ஹெச்எஸ்எஸ் டிரில்லால் (இரும்பைத் துளைக்கும் வகை) துளை போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: 6 தண்டு அதில் நுழையும், 6.35 நுழையாது. அந்தப் பட்டையையே எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.

சரி, மாட்டும்போது. பிளக்கைப் பிடுங்குங்கள், ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று விடாதீர்கள். பிட்டைக் காலெட்டில் விட்டதும், நட்டை இறுக்கும் முன்னாலேயே நுனியை ஆட்டிப் பாருங்கள். சரியான அளவென்றால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், ஆனால் லொடலொட என்று ஆடாது. அடிவரை தள்ளி, அப்புறம் இரண்டு மூன்று மி.மீ. மேலே இழுத்துக்கொள்ளுங்கள். நட்டை இறுக்கும்போது காலெட் பிட்டையும் சேர்த்து உள்ளே இழுக்கும், அடியில் முட்டிக்கொண்டிருந்தால் அந்த நகர்வுக்கு இடமில்லாமல் அரைகுறையாகப் பிடிக்கும். அதேபோல வெட்டும் தலையும் தண்டும் சேரும் இடத்தில் சின்ன வளைவு இருக்கும், அதுவரை உள்ளே தள்ளினால் காலெட் வளைவின்மேல் உட்கார்ந்துவிடும். தண்டில் முக்கால்வாசியாவது உள்ளே இருக்க வேண்டும். ஆழம் போதவில்லை என்று பிட்டை வெளியே இழுத்து வைப்பது மிகத் தவறான வழக்கம், நீளமான பிட் வாங்குங்கள்.

கையால் இறுகியதற்குப் பிறகு ஸ்பேனரில் கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று. நட் சுற்றிக்கொண்டே போனால் அளவு தப்பு, நிறுத்துங்கள். கழற்றும்போது சில மெஷின்களில் நட் ஒருமுறை தளர்ந்து மறுபடி இறுகும், அது கோளாறு இல்லை, இன்னொரு தடவை ஸ்பேனர் போட்டால் காலெட் விடுபடும். பிட் இல்லாத காலெட்டை மட்டும் ஒருநாளும் இறுக்காதீர்கள், சுருங்கிப்போய் உருவம் கெட்டுவிடும்.

அரை இஞ்ச் ரவுட்டரில் கால் இஞ்ச் பிட் போட ஸ்லீவ் (இடைவெளியை அடைக்கும் குழாய்) விற்கிறார்கள். சின்ன ரவுண்டிங் பிட், மெல்லிய காடி இதற்கெல்லாம் பரவாயில்லை. ஆனால் இரண்டு உலோகம் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும்போது மையம் கொஞ்சம் விலகும், அதனால் அந்த அளவுக்குத் தனிக் காலெட் கிடைக்குமானால் காசு கொடுத்து அதையே வாங்குவேன்.

புதிதாக பிட் சேர்க்கிறவர்களுக்கு என் யோசனை: பெரிய ரவுட்டர் இருந்தால் அரை இஞ்ச் தண்டையே வாங்குங்கள். விட்டம் இரண்டு மடங்கானால் வளையாமல் நிற்கும் பலம் 16 மடங்கு. தேக்கிலும் வேங்கையிலும் அந்த வித்தியாசம் கையிலேயே தெரியும், வெட்டு நடுங்காது. 8 மி.மீ. காலெட் கிடைக்கும் மெஷின் என்றால் அதுவும் நல்ல தேர்வு, கால் இஞ்ச்சைவிட இரண்டரை மடங்கு விறைப்பு.

காலெட்டை வாரம் ஒருமுறை கழற்றி, பித்தளை பிரஷ்ஷில் துளையைத் தேய்த்து, தேக்குப் பிசினும் எம்டிஎஃப் தூசியும் போக மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய் போடக்கூடாது, பிடி வழுக்கிவிடும். தண்டில் வளையமோ கருப்போ தெரிந்தால், வாய் அகன்றிருந்தால், அந்தக் காலெட்டை மாற்றிவிடுங்கள்.

நான் இப்போது இரண்டு டப்பா வைத்திருக்கிறேன், மூடியில் சிவப்புப் பெயிண்ட் அடித்தது 6, வெள்ளை 6.35. பெயிண்டை பிட் தண்டில் அடித்துவிடாதீர்கள், அந்தப் பூச்சே காலெட்டின் பிடியைக் கெடுக்கும்.