கொலைப் பாடல்களைக் கேட்கும் முறை: நிக் கேவும் பேட் சீட்ஸ் குழுவும்

ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவ், தம் பழைய குழு 1983-இல் கலைந்ததும் இசைக்கலைஞர்கள் மிக் ஹார்வி, பிளிக்ஸா பார்கெல்ட் ஆகியோருடன் சேர்ந்து பேட் சீட்ஸ் என்ற ராக் இசைக்குழுவைத் தொடங்கினார். இக்குழுவைப் புதிதாகக் கேட்பவர்கள் 1996-இல் வெளிவந்த 'மர்டர் பாலட்ஸ்' (கொலைக் கதைப்பாடல்கள்) தொகுப்பிலிருந்து தொடங்கலாம். நம்மிடையே சந்தைகளிலும் ரயில்களிலும் மலிவுப் பதிப்பாக விற்கப்பட்ட, கொலைச் செய்திகளைக் கதையாகப் பாடும் கொலைச்சிந்துகளை அறிந்தவர்களுக்கு இந்தப் பாட்டு வகை அந்நியமாக இராது.

வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் 'வேர் தி வைல்ட் ரோஸஸ் க்ரோ' என்ற பாடலைக் கேளுங்கள். கதையைச் சொல்வது யார், அவர் உயிரோடு இருக்கிறாரா, எதையேனும் மறைக்கிறாரா என்று ஒவ்வொரு பத்தியிலும் கேட்டுக்கொள்வதுதான் நான் பரிந்துரைக்கும் பயிற்சி. இப்பாடலில் நிக் கேவும் பாப் பாடகி கைலி மினோக்கும் மாறி மாறி மூன்று நாள் கதையைச் சொல்கிறார்கள். எலைசா டே என்ற பெண்ணின் குரல் இறந்தவளின் குரல் என்பது பிடிபட்ட பிறகு மறுபடி கேட்டால், முதல் நாளின் காதல் வரிகள்கூட வேறு பொருள் தருகின்றன. மெட்டின் மென்மையே இங்கே கொலையாளிக்குத் துணைபோகிறது என்பது என் எண்ணம்.

அடுத்து 'ஸ்டாகர் லீ'. 1895-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் லீ ஷெல்டன் என்பவர் பில்லி லயன்ஸைச் சுட்டுக் கொன்றார். அந்நிகழ்ச்சி கறுப்பினப் பாடகர்கள் வழியே நாட்டார் பாடலாகிப் பல வடிவங்களில் பரவியது. நிக் கேவ் தம் வடிவத்தில் காலத்தை 1932-க்கு நகர்த்துகிறார். இக்கதையைப் பாடும் பழைய புளூஸ் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை வகை) பதிவு ஒன்றையும் உடன் வைத்துக் கேட்டால், எதைச் சேர்த்தார், எதை மூர்க்கமாக்கினார் என்பது விளங்கும். வசைமொழி மிகுந்த பாடல் இது. வீட்டில் சிறுவர்கள் இருந்தால் ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

'தி கர்ஸ் ஆஃப் மில்ஹேவன்' பாடலில் பதினைந்து வயதை எட்டப்போகும் லாட்டி, ஊரில் நடக்கும் சாவுகளைத் துள்ளலோடு சொல்லிக்கொண்டே வருகிறாள். அவள் யார் என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள். பதினான்கு நிமிடங்களுக்கு மேல் நீளும் 'ஓ'மாலீஸ் பார்' மட்டும் கடைசிக்கு இருக்கட்டும், ஏனெனில் கொலைகாரன் தன்னை அழகனாகவும் விதியின் கருவியாகவும் வருணித்துக்கொள்ளும் பேச்சை நின்று கேட்க, முந்தைய பாடல்கள் தரும் பழக்கம் தேவைப்படுகிறது.

இவ்வளவும் கேட்டபின் 1988-இல் வந்த 'தி மெர்சி சீட்' பாடலுக்குத் திரும்புங்கள். மின்நாற்காலியில் அமர்ந்திருக்கும் மரண தண்டனைக் கைதி, தான் உண்மையையே சொன்னதாகவும் சாவுக்கு அஞ்சவில்லை என்றும் பல்லவியில் திரும்பத் திரும்பக் கூறுகிறான். வாத்தியங்களின் இரைச்சல் ஏறிக்கொண்டே போவதால் அந்தச் சொற்கள் மந்திரம் போலாகி, கேட்பவர் கவனம் தளர்ந்துவிடும்; தளர விடாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் என்ன மாறுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். கடைசிச் சுற்றின் முடிவில், தான் பொய் சொல்லிவிட்டதாக அவன் ஒரே ஒரு முறை ஒப்புக்கொள்கிறான். அங்கே நிறுத்திவிட்டு, அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாடகர் ஜானி கேஷ் 2000-இல் தம் முதிய குரலில் பாடிய வடிவத்தை உடனே கேளுங்கள்.