இடிப்பதா, காப்பதா: பழைய பொதுக் கட்டடம் குறித்து ஊர் கூடி முடிவெடுக்கும் முறை

நூறாண்டு கண்ட வாசகசாலையையோ தாலுகா அலுவலகத்தையோ இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், ஊர் பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு தரப்பு பழமையைப் பற்றிப் பேசுகிறது, மறு தரப்பு ஆபத்தைப் பற்றிப் பேசுகிறது. கட்டடம் தாங்குமா, அது எதற்குப் பயன்படப் போகிறது, பராமரிப்புச் செலவு யாருடையது என்ற மூன்று கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இத்தகைய கூட்டங்கள் கூச்சலில் முடிகின்றன. இவற்றைத் தனித்தனியாக, இதே வரிசையில் எடுத்துக்கொண்டால் வேலை நடக்கும்.

கூட்டம் போடுவதற்கு முன்பே செய்தாக வேண்டிய ஒன்று உண்டு. விவாதம் எத்தனை மாதம் நீண்டாலும் கட்டடம் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். புதுச்சேரியில் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய மேரி கட்டடம் என்ற நகராட்சி அலுவலகம், பழுது பார்ப்பது பற்றிய பேச்சு நீண்டுகொண்டே போன நிலையில், 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் புதிதாக எழுப்பப்பட்ட கட்டடம் 2021இல் திறக்கப்பட்டது. அழகாகத்தான் இருக்கிறது என்றாலும் அது பழைய கட்டடம் அன்று. எனவே, உரிமையுள்ள துறையிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக மழைநீர்க் குழாய்களை அடைப்பெடுங்கள், ஒழுகும் இடங்களைத் தார்ப்பாய் கொண்டு மூடுங்கள், தொய்ந்த உத்திரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடித்து இழுத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும் என்பதால், அதை விவரம் தெரிந்த கொத்தனாரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்து ஆவணங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை வருவாய்த் துறைப் பதிவேடுகளில் பாருங்கள், ஏனெனில் ஊராட்சியின் கட்டடம் என்று எல்லோரும் நம்பியிருப்பது பொதுப்பணித் துறையினுடையதாகவோ ஓர் அறக்கட்டளையினுடையதாகவோ இருக்கக்கூடும். இடிக்கும் முடிவுக்கு அடிப்படையான ஆய்வறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. கட்டடம் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பள்ளிகளும் அலுவலகங்களும் பெரும்பாலும் அதில் இருக்காது.

கட்டடத்தின் உறுதியைச் சோதிப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. கான்கிரீட் கட்டடங்களை மட்டுமே அறிந்த பொறியாளர், சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த தடித்த சுவரைக் கண்டதும் ‘பயன்படுத்தத் தகுதியற்றது’ என்று எழுதிவிடுவது அரிதன்று. தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாக்கில் அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்புக் காரையிட்டுத் தட்டை ஓடுகள் பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகுகிறது என்பதாலேயே அது முடிந்துபோனதாகாது. சுவரில் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனை உளுத்திருக்கிறதா என்பதே அங்கே பார்க்க வேண்டியது. பல இடங்களில் கேடு செய்வது முதுமையைக் காட்டிலும் பிற்காலத்தில் பூசிய சிமென்ட்தான். ஈரத்தை வெளியே விடாமல் அது அடைத்துவிடுவதால், உப்புப் பூத்து உள்ளிருக்கும் செங்கல் பொரிந்து உதிர்கிறது. ஆகவே, மரபுக் கட்டடங்களில் பணியாற்றிய ஒருவரிடமும் இரண்டாவது அறிக்கை பெறுங்கள். பழுதுபார்ப்பு, பகுதி இடிப்பு, முழுப் புதுக்கட்டுமானம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி மதிப்பீடு கேளுங்கள்.

இனி கூட்டம். கிராம ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானமாகவே வைக்கலாம். நகரங்களில் வார்டு உறுப்பினரை முன்னிறுத்திக் கூட்டுவது நல்லது. இரண்டு அறிக்கைகளின் சுருக்கத்தையும் ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். முதலில் பேச வேண்டியவர்கள் அந்தக் கட்டடத்துக்குள் அன்றாடம் வேலை செய்கிறவர்களும் படிக்கிறவர்களுமே. வாசல் வளைவைப் படமெடுத்து மகிழும் நம்மைப் போன்றோர் அந்த ஒழுகும் அறையில் கோப்புகளை நனையாமல் காக்க வேண்டியதில்லையே! இடிக்கச் சொல்கிறவர்களை வரலாறு அறியாதவர்கள் என்று ஒதுக்குவது பெரும் தவறு. ஒருவருக்குப் பெருமையாகத் தோன்றும் மண்டபம், தம் தாத்தாவை வாசலோடு நிறுத்திய இடமாக இன்னொருவருக்கு நினைவில் இருக்கலாம். அதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

இரண்டே வழிகள்தாம் உண்டு என்றும் எண்ண வேண்டாம். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பொறுத்தவரை, எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவிட்டு நூலகத்தை வேறாகக் கட்டலாம் என்ற கருத்தும் இருந்தது. முடிவில் அது சீரமைக்கப்பட்டு மறுபடியும் நூலகமாகவே இயங்குகிறது. இரண்டு கருத்துகளுக்கும் அழுத்தமான நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம்.

காப்பது என்று முடிவானால், அன்றே பயன்பாட்டையும் முடிவு செய்யுங்கள். சென்னை அண்ணா சாலையில் 1897இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கும் பணி 2006இல் தொடங்கியபோது மரபு ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் அது ஆளின்றிச் சிதைந்தே கிடந்தது. மாறாக, 2012 தீ விபத்தில் கூரை இழந்து நின்ற, சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் பகுதியான கலச மகால் பழைய முறையிலேயே சீரமைக்கப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இடமாயிற்று. தீர்மானத்தில் பயன்படுத்தப் போகும் அலுவலகத்தின் பெயரும் ஆண்டுப் பராமரிப்புத் தொகை வரும் கணக்கும் இல்லையென்றால், அதை நிறைவேற்றாமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவையுங்கள்.

இடிப்பது என்று முடிவானால், பொறுப்பு அத்துடன் தீர்ந்துவிடாது. அருகிலுள்ள கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு அளவு வரைபடங்கள் எடுக்கச் செய்யுங்கள். ஒவ்வோர் அறையையும் படமெடுத்து, ஒரு படியை மாவட்ட மைய நூலகத்தில் கொடுங்கள். ஒப்பந்தப்புள்ளி விடும்போது தேக்கு மரம், கதவுகள், அடிக்கல், கல்வெட்டு ஆகியவற்றைத் தனிப் பட்டியலாக்கி ஒப்பந்தக்காரரின் பங்கிலிருந்து விலக்கிவையுங்கள். பட்டியலில் இல்லாத தேக்கு மரம் முதல் நாளே லாரியில் ஏறிவிடும்.