சத்து மாத்திரை டப்பாவில் நாம் தாண்டிப் போகும் வரிகள்

சத்து மாத்திரை வாங்கும் பலர் டப்பாவின் முன்பக்கத்தைப் படித்ததோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பக்கம் பெரும்பாலும் விளம்பரத்துக்கானது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர்களும் என்ன இருக்கிறது என்றுதான் தேடுகிறார்கள். எவ்வளவு இருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. நீலகிரியில் நான் காணும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த அளவில்தான் தொடங்குகின்றன.

முதலில் வைட்டமின் டி. இங்கே தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மாதக்கணக்கில் மேகமும் மூடுபனியும்தான். வெயில் வரும் நாளிலும் ஸ்வெட்டரும் குல்லாவும் உடம்பை விட்டு இறங்குவதில்லை. ஆகவே வைட்டமின் டி குறைவு என்று மருத்துவர் சொன்னால் யாரும் வியப்பதில்லை. 60,000 யூனிட் காப்ஸ்யூலை வாரத்துக்கு ஒன்று என்று சில வாரங்களுக்கு எழுதித் தருகிறார். சீட்டு எங்கோ தொலைகிறது, அட்டை மட்டும் அலமாரியில் இருக்கிறது. மற்ற மாத்திரைகளைப் போலவே இதையும் தினம் ஒன்றாக விழுங்கத் தொடங்குபவர்கள் உண்டு. இதைவிட ஆபத்தான தவறு வேறில்லை என்பேன்.

வளர்ந்தவர்களுக்கு ஒரு நாள் தேவை 600 யூனிட். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் தொடர்ந்து எடுக்கக்கூடிய உச்ச வரம்பு 4,000. தினமும் 60,000 என்றால் தேவையைப் போல நூறு மடங்கு. உபரியைச் சிறுநீரில் வெளியேற்றிவிடக்கூடிய வைட்டமின் அல்ல இது, கொழுப்பில் தங்கிவிடும். ரத்தத்தில் கால்சியம் ஏறும், பசி போகும், வாந்தியும் மலச்சிக்கலும் தீராத தாகமும் வரும், சிறுநீரகம் பழுதாகும். லேபிளில் யூனிட்டுக்குப் பதில் மைக்ரோகிராம் போட்டிருந்தால் 40ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 25 மைக்ரோகிராம் என்பது 1,000 யூனிட். கால்சியம் மாத்திரையிலும் மல்டிவைட்டமினிலும் டி இருக்கும். மூன்று டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு எந்தத் தனி லேபிளிலும் கிடைக்காது.

'இயற்கையானது, பக்கவிளைவு இல்லை' என்ற வாசகத்தை நம்புவது அடுத்த தவறு. நீலகிரிக்காரர்கள் இதை நம்பக் காரணமே இல்லை. 1860களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனா பயிரிட்டார்கள். அதன் பட்டையிலிருந்து எடுத்த குவினைன் மலேரியாவிலிருந்து எத்தனையோ உயிர்களைக் காத்தது. அதே குவினைன் அளவு மீறினால் காது இரைந்தது, பார்வை மங்கியது. அதுவும் மரப்பட்டைதான், இயற்கைதான்.

பச்சைத் தேயிலைச் சாற்றுக் காப்ஸ்யூலும் அப்படித்தான். எடை குறைக்க என்று விற்கிறார்கள். இலையை வெந்நீரில் போட்டுக் குடிப்பது வேறு, அதன் சாரத்தைச் செறிவாக்கி ஒரே விழுங்கில் உள்ளே தள்ளுவது வேறு. அந்தச் சாரத்தின் முக்கியப் பொருள் ஈஜிசிஜி. சப்ளிமெண்டாக, அதாவது சத்து மாத்திரை வடிவில், நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி எடுத்தவர்களிடம் கல்லீரல் பாதிப்புக்கான அறிகுறிகள் கூடியதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சுட்டிக்காட்டியது. வெறும் வயிற்றில் எடுத்தால் இது ரத்தத்தில் இன்னும் அதிகமாகச் சேரும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மீன் குழம்பில் போடும் கொடம்புளிக்கும் இதே கதை. குழம்பில் அது புளிப்பு மட்டுமே. கார்சினியா என்ற பெயரில் செறிவூட்டிய காப்ஸ்யூலாக வரும்போது கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. 'தனிக் கலவை' என்று மொத்த எடையை மட்டும் போட்டு, ஒவ்வொரு மூலிகையும் எத்தனை மில்லிகிராம் என்று சொல்லாத டப்பாவைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உரிம எண்ணைப் பார்த்ததும் நிம்மதியடைவதும் தவறு. அந்த 14 இலக்க எண் தயாரிப்பாளர் உரிமம் பெற்றவர் என்று மட்டுமே சொல்கிறது. உங்கள் கையிலிருக்கும் டப்பாவைச் சோதித்துவிட்டார்கள் என்று பொருளல்ல. வெளிநாட்டு டப்பாவில் 'அமெரிக்க எஃப்.டி.ஏ. ஒப்புதல்' என்று இருந்தால் அது பொய். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே சப்ளிமெண்ட்டுகளை விற்பனைக்கு முன் எஃப்.டி.ஏ. என்ற உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்து அனுப்புவதில்லை. இந்தியாவில் சப்ளிமெண்ட் டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் கட்டாயம். அதே டப்பா சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்றும் சொன்னால், இரண்டில் ஒன்று பொய். நீரிழிவைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சித்த, ஆயுர்வேத மருந்துகள் வேறு சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றில் மருந்துத் தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும். இரண்டு எண்ணும் இல்லாமல், சுற்றுலாப் பயணிகளை நம்பிக் காகித உறையில் மடித்துத் தரும் 'மலை மூலிகைப் பொடி'யில் கேள்வி கேட்பதற்குக்கூட ஒரு பெயர் கிடையாது.

சேமிப்பைப் பற்றிச் சிறிது. 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்பதில் முதல் பாதி ஊட்டியில் தானாகவே நடந்துவிடுகிறது. உலர்ந்த இடம் மழைக்காலத்தில் எளிதில் அமையாது. காப்ஸ்யூல் ஒட்டிக்கொண்டால், பொடி கட்டிதட்டினால் தூக்கிப் போடுங்கள். டப்பாவுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை எடுத்து எறியாதீர்கள்.

இரும்புச்சத்து மாத்திரையைச் சோர்வுக்கு மருந்தாகத் தாமே வாங்கிச் சாப்பிடுவதையும் சொல்லியாக வேண்டும். நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்தசோகை இருக்கிறது. அந்த ரத்தசோகை இரும்புக் குறைவால் வருவதல்ல. பரிசோதனைக்குப் பிறகே இரும்பு. மிட்டாய் போலத் தெரியும் அந்த மாத்திரைகளைச் சிறு குழந்தை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

சப்ளிமெண்ட் மருந்தல்ல என்று எண்ணி மருத்துவரிடம் மறைப்பது பலரிடம் இருக்கும் பழக்கம். கால்சியமும் இரும்பும் தைராய்டு மாத்திரை உடம்பில் சேர்வதைத் தடுக்கும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். முடி வளர எடுக்கும் பயோட்டின் என்ற வைட்டமின் சில டப்பாக்களில் ஒரு மாத்திரைக்கு 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கிறது. உடலின் ஒரு நாள் தேவை சுமார் 30. இவ்வளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தவறாகக் காட்டக்கூடும். ரத்தம் எடுக்குமுன் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள்.

சாப்பிட்ட பிறகு கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, அரிப்பு வந்தாலோ உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதிலிருக்கும் பேட்ச் எண் தேவைப்படும். மருந்துகளின் பாதிப்பைப் பதிவு செய்யும் தேசியத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. லேபிளில் குறை இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் புகாருக்கு வலு கூடும்.