டிவிடி டிரைவ் தகட்டைப் படிக்க மறுக்கிறதா? கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி

பீரோவில் கிடக்கும் பழைய கல்யாண டிவிடியைப் பென்டிரைவில் ஏற்றலாம் என்று ஒரு மெல்லிய யுஎஸ்பி டிரைவ் வாங்குகிறோம். தகட்டைப் போட்டால் சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது. திரையில் ஒன்றும் வருவதில்லை. 'இப்போ வர்ற டிரைவ் எதுவும் உருப்படியில்லை' என்ற புலம்பலில் நியாயம் இருக்கிறது. தகடுகளுக்கான சந்தை சுருங்கிக்கொண்டே போகிறது. சோனி 2025 பிப்ரவரியோடு எழுதக்கூடிய ப்ளூ-ரே தகடுகள் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. ஆனாலும் டிரைவைத் தூக்கிப் போடும் முன் இந்த வரிசையில் பார்த்துவிடுங்கள். செலவில்லாத சோதனைகள் முதலில் வருகின்றன.

1. முதலில் மின்சாரம்

டிரைவைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பலவற்றில் 5 வோல்ட், 1 ஆம்பியருக்கு மேல் என்று போட்டிருக்கும். யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியதோ 500 மில்லி ஆம்பியர்தான், 3.0 என்றால் 900. தகடு சுற்றத் தொடங்கும் நொடியில்தான் மோட்டார் அதிகம் இழுக்கும். அப்போது மின்சாரம் போதாவிட்டால் டிரைவ் துண்டிக்கப்பட்டு மறுபடி இணையும்; விண்டோஸில் அந்த 'டிங்-டொங்' சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

ஒரு போர்ட்டைப் பலவாக்கித் தரும் யுஎஸ்பி ஹப் நடுவில் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகுங்கள். டெஸ்க்டாப் என்றால் பின்பக்க போர்ட். கேபிள் குட்டையாக இருக்கட்டும். இரண்டு தலையுள்ள கேபிள் கூடவே வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள், அது அலங்காரத்துக்கு இல்லை.

2. தகட்டை மாற்றிப் பாருங்கள்

கடையில் வாங்கிய ஒரு பாட்டு சிடி, ஒரு பட டிவிடி, வீட்டில் எழுதிய ஒரு டிவிடி, மூன்றும் வேண்டும். சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ஒன்று போய் மற்றது நன்றாக இருப்பது சாதாரணம். எந்த டிவிடியும் ஓடுகிறது, எந்த சிடியும் ஓடவில்லை என்றால் கோளாறு டிரைவில்தான்.

கடைத் தகடு ஓடி, எழுதிய தகடு மட்டும் முரண்டு பிடித்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கடைத் தகட்டில் தகவல் அச்சாகவே பதிந்திருக்கும். எழுதிய தகட்டில் அது சாயத்தில் இருக்கிறது. ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். லென்ஸ் அழுக்கானாலோ லேசர் தளர்ந்தாலோ முதலில் அடிபடுவது இந்த வகை. சாயமே வெளுத்தும் போயிருக்கலாம். அதே தகட்டை வேறொரு டிரைவில் போட்டுப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

3. தகட்டைத் துடையுங்கள்

மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறல் தகவல் ஓடும் பாதையோடு சேர்ந்தே போகும். பிழை திருத்தும் ஏற்பாட்டால் அதைச் சமாளிக்க முடியாது. குறுக்கே விழும் கீறலைப் பெரும்பாலும் சமாளித்துவிடும்.

சிடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். ஊசிமுனை ஓட்டைகளாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே பூச்சு உதிர்ந்துவிட்டது, அந்தப் பகுதி திரும்ப வராது. சிடியில் தகவல் லேபிளுக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. டிவிடியில் அது இரண்டு 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கும்.

4. லென்ஸ்

மெல்லிய டிரைவில் தட்டை இழுத்தாலே லென்ஸ் தெரியும். கேபிளைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். லேசர் கண்ணுக்கு ஆபத்து. கேமராவுக்கு வைத்திருக்கும் காற்றுப் பம்பால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அப்புறம் பஞ்சுக்குச்சியில் துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல் ஒரே ஒரு முறை தடவுங்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. நன்றாகக் காய்ந்த பிறகே மூடுங்கள். ஊதுபத்திப் புகை அடிக்கும் இடத்தில் இருந்த டிரைவ் என்றால் இந்த ஒரு தடவலிலேயே உயிர் வருவதுண்டு.

5. திக்கித் திணறிப் படித்தால்

ஃபைலை இழுத்துப் போட்டு நகலெடுக்காதீர்கள், ஒரு பிழை வந்ததும் நின்றுவிடும். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் டிடிரெஸ்கியூ (ddrescue) என்ற இலவச நிரல் இருக்கிறது. படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்ளும். அந்த ஃபைலை வைத்துக்கொண்டு அதே தகட்டை வேறொரு டிரைவில் தொடரலாம். ஒரு டிரைவுக்கு எட்டாத பகுதி இன்னொன்றுக்குச் சிக்கிவிடும்.

இத்தனைக்கும் அசையாவிட்டால் மெல்லிய டிரைவைப் பழுது பார்ப்பது வீண் செலவு. பழைய டெஸ்க்டாப்பில் இருக்கும் கனமான சாட்டா (SATA, கணினிக்குள் டிரைவை இணைக்கும் முறை) டிரைவைக் கழற்றி, யுஎஸ்பி அடாப்டர் போட்டுப் பயன்படுத்துங்கள். என் அனுபவத்தில் அடம்பிடிக்கும் தகடுகளை அதுதான் நன்றாகப் படிக்கிறது. அடாப்டர் வாங்கும்போது தனி 12 வோல்ட் பவர் சப்ளை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். லேப்டாப் ஹார்டு டிஸ்க்குக்கு விற்கும் வெறும் கேபிளில் பெரிய டிரைவ் சுற்றவே சுற்றாது.