உமரி பறிக்கக் கிளம்பும் முன்

பழவேற்காடு போனவர்கள் ஏரிக்கரைச் சேற்றில் பார்த்திருப்பீர்கள். இலையே இல்லாதது போல, கணுக்கணுவாக, சதைப்பற்றோடு நிற்கும் குட்டைச் செடி. முற்ற முற்றச் சிவந்துபோகும். இதுதான் உமரி, தாவரவியலில் சாலிகோர்னியா. நம் முளைக்கீரையும் பீட்ரூட்டும் இதே குடும்பம். பீட்ரூட்டின் சிவப்பும் இதன் சிவப்பும் ஒரே வகை நிறமியால் வருபவை. சத்தான கீரை என்று கேள்விப்பட்டுப் பையோடு கிளம்புகிறவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

பெரிய தவறு, கண்ட இடத்தில் பறிப்பது. உமரி தான் நிற்கும் இடத்து உப்பை உறிஞ்சித் தண்டுக்குள் சேர்த்துவைத்துத்தான் உயிர் வாழ்கிறது. அந்த மண்ணிலும் தண்ணீரிலும் உலோகக் கழிவு இருந்தால் அதுவும் கூடவே ஏறும். எண்ணூர்க் கழிமுகத்தில் பல வருடங்களாக அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் பரவியது. அடையாறு, கூவம் முகத்துவாரங்களில் சாக்கடை. அங்கே செடி எவ்வளவு தளதளவென்று இருந்தாலும் தொடாதீர்கள். உள்ளே ஏறியதைக் கழுவி எடுக்க முடியாது. பழவேற்காட்டில் பறவைகள் சரணாலயப் பகுதிக்குள் அனுமதியில்லாமல் செடி எடுப்பதும் கூடாது. சுத்தமான உவர்நிலம் வைத்திருப்பவரைக் கேட்டு வாங்குவதே நல்லது.

பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். உமரி என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளுக்கு வழங்குகிறது. தனித்தனியாகக் குட்டி இலைகள் இருந்தால் அது சுவைடா என்ற வேறு செடி. அதுவும் கீரையாகச் சமைக்கப்படுவதுதான். கணுக்கணுவாக இருந்தும் அடித்தண்டு விறகு போல இருந்தால், அது பல வருடம் வாழும் வேறொரு செடி. சாலிகோர்னியாவுக்கு ஒரு வருட ஆயுள்தான், விதை விழுந்தால்தான் அடுத்த தலைமுறை. அதனால் வேரோடு பிடுங்காமல் நுனியை மட்டும் கிள்ளுங்கள்.

அப்புறம் சமையல். முதல் தடவை நான் பழக்கதோஷத்தில் கூட்டுக்கு உப்புப் போட்டுவிட்டேன். வீட்டில் யாரும் இரண்டாவது வாய் வைக்கவில்லை. நிறைய தண்ணீரில் ஐந்து நிமிடம் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பில்லாமல் வெந்த பருப்பில் சேருங்கள். இறக்கும்போது ருசி பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் உப்பு. சற்று முற்றிய தண்டில் நடுவே ஒரு நார் ஓடும். அடியைப் பிடித்துக்கொண்டு பல்லால் இழுத்தால் சதை வாயோடு வந்துவிடும், நார் கையில் நிற்கும்.

"செடியிலிருந்து வந்த உப்புதானே, பிரஷருக்கு ஒன்றும் செய்யாது" என்று நினைப்பது ஆபத்து. குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இந்தச் செடியிலிருந்து உப்பு தயாரித்துக் காட்டியிருக்கிறது. மற்ற தாதுக்கள் இருந்தாலும் அதில் சோடியம் இருக்கத்தான் செய்கிறது. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் இதை எரித்து, சாம்பலிலிருந்து சோடா உப்பு (சோடியம் கார்பனேட்) எடுத்துக் கண்ணாடியும் சோப்பும் செய்தார்கள். அவ்வளவு சோடியம் உள்ள செடி. ரத்தக்கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

மாடியில் வளர்க்க ஆசையா? விதைத்ததும் உப்புத்தண்ணீர் ஊற்றுவதுதான் பலரும் செய்யக்கூடிய தவறு. உப்பு குறைவாக இருக்கும்போதுதான் விதை நன்றாக முளைக்கும். முளைக்கும்வரை நல்ல தண்ணீரே போதும். செடி பிடித்தபின் மெல்ல மெல்ல உப்பைக் கூட்டலாம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இதற்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். தொட்டிக்கு அடியில் ஆழமான தட்டு வையுங்கள். வழியும் உப்புத்தண்ணீர் தளத்துக்குள் இறங்கினால் காங்கிரீட் கம்பி துருப்பிடிக்கும், பக்கத்துத் தொட்டிக்குப் போனால் கத்தரியும் வெண்டையும் வாடிவிடும்.